மாயாவியின் அசலும் நகலும்

சிவகாசி என்றால் உலகத்துக்குப் பட்டாசும் தீப்பெட்டியும்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பையன்களுக்கோ அது இரும்புக்கை மாயாவியின் ஊர். 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியண்ட்' பத்திரிகையில் பிறந்தவர், 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் தமிழ் பேசத் தொடங்கினார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். அந்த முதல் பதிப்புக்கு இன்று ஆலாய்ப் பறக்கிறார்கள். பறக்கிறவர்கள் இருந்தால், கலர் ஜெராக்ஸ் போட்டுப் பழசென்று விற்கிறவர்களும் இருப்பார்கள் அல்லவா? பதிப்பகமே பின்னாளில் கொண்டுவந்த மறுபதிப்புகள் வேறு ஜாதி. அவை வேஷம் போடுவதில்லை.

திருச்சுழியில், காலமான நண்பரின் மனைவி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்தார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும்.

"அவுக பெரிய விலை கொடுத்து வாங்கினது, அண்ணே" என்று முதல் இதழை நீட்டினார்.

பழைய தாள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும். இது எங்கும் ஒரே தேநீர் நிறம். அச்சு மை தாளில் ஊறும். இதைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்து மினுங்கியது. பின் துருப்பிடித்திருந்தது, சுற்றிலும் தாளில் கறை இல்லை. துருவைக்கூட எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டியிருக்கிறான், மகாபாவி!

"இது நகல், தங்கச்சி. விற்கவேண்டாம்" என்றேன்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பெட்டியின் அடியில், பையன் கையெழுத்தில் பெயரும் வகுப்பும் கிறுக்கிய ஏழெட்டு இதழ்கள், அட்டை கிழிந்து கிடந்தன. எடுத்து அடுக்கினேன்.

"அதையா? பழைய பேப்பர்காரனுக்குப் போடலாம்னு இருந்தேன்" என்றார்.

காகிதம் வாங்கி, இதழ்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். முழுக் கட்டணமும் தேறாது. பாதிக்கு மேல் தேறும்.