தொட்டு எடுக்கலாம்

செப்டம்பர் 16, திங்கள்

நாளை முதல் வெளிநாட்டு மாணவர்களை அழைத்துப் போக வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் மாதக் கடைசியில்தான் தொடங்கும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே அறிமுக நாட்கள். ரெகன்ஸ்டைன் நூலகத்தைச் சுற்றிக் காட்டும் வேலை இந்த ஆண்டும் எனக்கு. எதிலிருந்து தொடங்குவது என்றுதான் யோசனை. அச்சுப்பொறி, வைஃபை எல்லாம் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பதினான்கு பேர். புத்தக அடுக்குகளின் வாசலில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். "உள்ளே போகலாமா?" என்று கானாவிலிருந்து வந்த பையன் மெல்லக் கேட்டான்.

எனக்கு அந்தத் தயக்கம் தெரியும். நான் படித்த கல்லூரியில் அலமாரிகள் கம்பிவலைக்குப் பின்னால் இருந்தன. சீட்டில் எண் எழுதிக் கொடுத்தால் உதவியாளர் உள்ளே போய், பாதி நேரம் "இல்லம்மா" என்று திரும்பி வருவார். மூன்று வருடத்தில் ஒரு அலமாரியைக்கூட நான் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. யார் மேலும் கோபமில்லை. ஆனால் அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது.

"போங்கள். எதை வேண்டுமானாலும் எடுங்கள், புரட்டுங்கள்" என்றேன். அரை மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. வியட்நாம் பெண் ஒருத்தி ஒரு வரிசை முழுக்கப் புத்தக முதுகுகளை விரலால் தடவிக்கொண்டே நடந்தாள்.

பிறகு பக்கத்திலிருக்கும் மான்சுவேட்டோ நூலகம். 2011இல் திறந்தது, கட்டடக் கலைஞர் ஹெல்முட் யான். மேலே கண்ணாடிக் கூடு, கீழே ஐம்பது அடி ஆழத்துக்குப் புத்தகக் கிடங்கு. கணினியில் கேட்டால் இயந்திரம் சில நிமிடங்களில் எடுத்துத் தந்துவிடும். எல்லோரும் வியந்தார்கள். பிரேசில் மாணவன் மட்டும், "பக்கத்தில் என்ன புத்தகம் இருக்கிறதென்று எப்படித் தெரியும்?" என்றான். சரியான கேள்வி. நூலகரிடம் போய்க் கேட்கச் சொன்னேன்; கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன்.

செப்டம்பர் 18, புதன்

எல்லிஸ் அவென்யூவில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம். 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மியின் குழு முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நடத்திக் காட்டிய இடம் இது. அணுகுண்டுக்கு வழி திறந்ததும் அதுதான். அப்போது இங்கே விளையாட்டு அரங்கம். ரெகன்ஸ்டைன் நூலகம் 1970இல் வந்தது. இதைச் சொல்லி முடிக்கும்போதுதான் ஜப்பானிய மாணவியின் முகத்தைப் பார்த்தேன். சிற்பத்தை ஒருமுறை சுற்றி வந்தாள். ஹிரோஷிமாவில் உயிர் பிழைத்தவர்கள் ஜப்பானிய மொழியில் எழுதியவை உள்ளே இருக்கின்றனவா என்று கேட்டாள்.

ஐந்தாம் மாடிக்குக் கூட்டிப்போனேன். தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். குழுவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வரிசையின் முனையிலேயே நின்றேன். சுற்றிக் காட்டுவது என்றால் சில இடங்களில் சும்மா நிற்பதும்தான்.

செப்டம்பர் 20, வெள்ளி

மதுரைப் பெண் ஒருத்தி, தனியாக, மாலை ஆறு மணிக்கு. "மேடம், சும்மா பாக்கலாமா?"

"அக்கான்னே கூப்பிடு. வா."

அதே ஐந்தாம் மாடி, தமிழ் வரிசை. அவளுக்கு நம்ப முடியவில்லை. "இவ்வளவும் எப்படிக்கா இங்க வந்துச்சு?"

கோதுமையால் வந்தது என்றேன். பி.எல். 480 சட்டப்படி அமெரிக்கா அனுப்பிய கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு, 1962 முதல் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோதுமைக்காகச் சின்ன வயதில் ரேஷன் கடை வரிசையில் நின்றதை அப்பா சொல்லியிருக்கிறார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ. கே. ராமானுஜன் முப்பது ஆண்டுகள் பாடம் சொன்னதும் இந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

பழுப்பேறிய ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்தாள். விலை மூன்று ரூபாய். முகர்ந்து பார்த்தாள்.

"எத்தனை எடுத்துக்கலாம்க்கா?"

"உன்னால தூக்க முடிஞ்ச வரைக்கும்."

ஒன்பது எடுத்தாள். விடுதி வரை நாலை நான் தூக்கிப் போனேன்.