‘விஷமம்’ என்றால் என்ன?

திருவனந்தபுரத்தின் ஆரியசாலையும் அதையொட்டிய சாலைக் கடைத்தெருவும் தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகள். வீட்டில் தமிழும் வகுப்பறையில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகள் அங்குண்டு. வளரிளம் பருவத்தினர் நலம் பற்றிய ஆய்வுகள் இவர்களை எந்தச் சொற்களால் அணுகுகின்றன என்பது சிறிய கேள்வி அன்று.

மலையாளத்தில் ‘விஷமம்’ என்றால் மனவருத்தம்; தமிழில் குறும்பு. ‘சங்கடம்’ அங்கே துயரம். இங்கே பெரும்பாலும் இக்கட்டு. இருமொழி அறிந்த பிள்ளைக்கு இவ்வேறுபாடு புரியும். ஆனால் தன் துயரை அம்மாவிடம் சொல்லும்போது அப்பிள்ளை ‘மனசு சரியில்லை’ என்றே சொல்கிறது. வினாத்தாளில் அச்சொல் இல்லாவிடில், விடையில் அத்துயரமும் இல்லாமற்போகக்கூடும்.

10 முதல் 19 வயது வரையுள்ளோருக்கான தேசிய வளரிளம் பருவ நலத்திட்டம் 2014 ஜனவரி 7 அன்று தொடங்கப்பட்டது. ஊட்டச்சத்து, போதைப்பொருள் தவிர்ப்பு முதலியவற்றோடு மனநலமும் அதில் இடம்பெற்றது. திட்டம் வகுத்தாயிற்று, பிள்ளைகளிடம் பேசுவது யார்?

இதற்குப் பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த ‘செஹர்’ ஆய்வு ஒரு விடை தருகிறது. 74 அரசுப் பள்ளிகளில் நடந்த அதன் முடிவுகள் 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயின. சில பள்ளிகளில் ஆசிரியர்களும், சில பள்ளிகளில் இதற்கெனவே பயிற்சி பெற்ற, மருத்துவத் துறை சாராத ஆலோசகர்களும் ஒரே திட்டத்தை நடத்தினர். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு அறிகுறிகளும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதை ஆசிரியர்களின் குறையாகக் கொள்ளலாகாது. பாடச்சுமை தாங்கி, மதிப்பெண்ணும் இடுபவரிடம் மாணவர் மனந்திறப்பது எளிதன்று.

அச்சுத மேனன் சுகாதார அறிவியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்கள் உள்ள நகரம் இது. எனினும், கூட்டாய்வு என்பது நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தோடு முடிந்துவிடலாகாது. மறுமொழிபெயர்ப்பு, சொல் அகராதிப்படி சரியா என்று காட்டும்; பிள்ளைக்கு என்ன விளங்கிற்று என்று காட்டாது. அதற்கு ஒரே வழி, வினாவைப் படித்துக்காட்டி, ‘இதில் என்ன கேட்டிருக்கிறது? உன் சொல்லில் சொல்’ என்று கேட்பது.

தரவு திரட்டப் புறப்படும் மாணவர் ஒவ்வொருவரும், முதல் வினாத்தாள் அச்சேறுமுன், வீட்டு மொழி வேறான சில பிள்ளைகளிடமேனும் இதைச் செய்தல் வேண்டும். செலவு மிகக் குறைவு. செய்யாவிடில், துயருற்ற பிள்ளையொன்று ‘நலம்’ என்னும் கட்டத்தில் எண்ணப்பட்டுவிடும்.