விலை பேசிய நாள்

பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் கட்டிய சிறிய வீட்டின் முன்னறையில் ஒரு புறம் திருஇருதய ஆண்டவர் படம், எதிர்ப்புறம் வெறுஞ்சுவர். அந்தச் சுவருக்கு ஓர் ஓவியம் வாங்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் விருப்பம். “அச்சுப்படம் வேண்டாம், ஒரு மனிதர் தம் கையால் தீட்டியதாக இருக்கட்டும்” என்றாள்.

முதலில் ஓர் அலங்காரப் பொருள் கடைக்குச் சென்றேன். குடம் சுமக்கும் பெண்களின் படம் ஒன்று கான்வாஸ் துணியில் அழகாகத் தொங்கியது. “ஓவியம்” என்றார் கடைக்காரர், விலையும் குறைவு. அருகே சென்று உற்றுப் பார்த்தேன். வண்ணங்கள் யாவும் நுண்புள்ளிகளாக இருந்தன. தூரிகை ஓடிய தடமே இல்லை. இயந்திரம் துணியில் அச்சிட்ட படம் அது. அச்சுப்படத்தை நான் இகழவில்லை. இரவிவர்மா 1894இல் மும்பையில் அச்சகம் நிறுவியபின், செல்வர் மாளிகைகளில் மட்டும் இருந்த அவருடைய ஓவியங்களின் படிகள் எளியோர் வீடுகளுக்கும் வந்தன. அது பெரும் தொண்டே. ஆயினும் படம் என்றாலே மலிவாகக் கிடைக்க வேண்டியது என்ற எண்ணமும் நம்முள் எப்படியோ ஊறிவிட்டது.

பின்னர் சென்னையில் இளம் ஓவியர் ஒருவரின் கண்காட்சிக்கு இருவரும் சென்றோம். அங்கே ஓர் ஓவியத்தின் முன் என் மனைவி நின்றுவிட்டாள். மூன்றடி உயரத் துணியில், மடியில் முறத்துடன் பீடி சுற்றும் ஒரு முதியவள். உடலோடு ஒவ்வாத அளவுக்குப் பெரிய கைகள். “கைகள் ஏன் இவ்வளவு பெரிதாக?” என்று கேட்டேன். “அவை செய்த வேலைக்கு இதுவே சிறிது, ஐயா” என்றார் ஓவியர்.

என் மாமியார் நெல்லைச் சீமையில் பீடி சுற்றியே தம் மகளைப் படிக்க வைத்தவர். எங்கள் திருமணப் படத்தில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னே பாதி முகமாக மட்டுமே இருக்கிறார். வேறு படம் இல்லை.

விலை 40,000 ரூபாய். கணக்கராக இருந்த பழக்கம் என்னை விடவில்லை. “துணிக்கும் சட்டத்துக்கும் வண்ணத்துக்கும் எவ்வளவு ஆகியிருக்கும்?” என்று தொடங்கினேன். அவர் வாதாடவில்லை. சற்றே தலை குனிந்து நின்றார். 30,000 ரூபாய்க்கு இசைந்தார். துணியின் பின்புறம் தலைப்பையும் ஆண்டையும் எழுதி ஒப்பமிட்டார். “எண்ணெய் வண்ணம் மேலே உலர்ந்ததுபோல் தோன்றும், உள்ளே உலரப் பல மாதங்கள் ஆகும். ஈரம் கசியும் சுவரிலும், வெயில் நேரே படும் இடத்திலும் மாட்டாதீர்கள்” என்றார். மகளை அனுப்பிவைக்கும் தந்தையின் குரல் அது.

வென்றுவிட்ட களிப்போடு வீடு திரும்பினேன். மனைவி வழியெல்லாம் பேசவில்லை. இரவு உணவின்போதுதான் சொன்னாள்: “அம்மாவிடமும் இப்படித்தான் பேசினார்கள். இலைக்குக் கணக்கு, தூளுக்குக் கணக்கு. ‘சரியில்லை’ என்று கழித்துத் தள்ளிய பீடிக்குக் கூலியே கிடையாது. அம்மாவும் தலை குனிந்துதான் நிற்பாள்.”

உணவு தொண்டைக்குள் இறங்கவில்லை.

மறுவாரம் மீதி 10,000 ரூபாயுடன் அந்த ஓவியரின் வீட்டைத் தேடிச் சென்றேன். பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரைகலை கற்பித்து, இரவில்தான் அவர் தீட்டுகிறார். “இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று” என்று சோழமண்டலத்தின் கதையைச் சொன்னார். கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் அந்த ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் எழுந்தது. ஓவியத்தை மட்டும் நம்பி வாழ இயலாது என்பதை உணர்ந்த அக்கலைஞர்கள், பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றே தங்கள் தூரிகைக்கு உணவளித்தார்கள். பணத்தை அவர் மறுக்கவுமில்லை, நன்றி கூறவுமில்லை. அது அவருடைய பணம்.

மருத்துவரிடம் மருந்தின் அடக்க விலையை நாம் கேட்பதில்லை. கலைஞரிடம் மட்டும் துணியின் விலையைக் கேட்கிறோம். மனித உருவம் தீட்டிய ஓவியத்தை வாங்கும்போது, ஒருவருடைய பல நாள் பார்வையையும், அவரால் பார்க்கப்பட்ட இன்னொருவரின் வாழ்வையும் சேர்த்தே நம் வீட்டிற்குள் அழைக்கிறோம். வாயிலில் நிறுத்தி விலை பேசிவிட்டு உள்ளே அழைத்தால், வந்தவர் முகத்தை நாம் எப்படிப் பார்ப்பது?

இன்று அந்த முதியவள் எங்கள் முன்னறையில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். வருவோர் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். “யார் இவர்?” என்பதற்கு மனைவி விடை சொல்கிறாள். “எவ்வளவு?” என்பதற்கு நான் சொல்கிறேன், முழு விலையையும்.