வேலையை விடப்போவது யார்?

ஜூன் 16, 2025, திங்கள்

காலை 7.40. பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் பள்ளி வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்தாயிற்று. இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும் பையன், ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான்.

"வயிறு வலிக்குது மா."

பள்ளி திறந்து இன்று பதினைந்தாவது நாள். வயிற்று வலி ஆறாவது தடவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வலி வருவதில்லை என்பதை ஆயா கவனித்து வைத்திருக்கிறார், சொல்லவும் செய்தார். மூன்றாவது ஹாரனுக்குப் பிறகு வேன் பூந்தமல்லி சாலைப் பக்கம் திரும்பிவிட்டது. அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. அவரும் பையனை ஆயாவிடம் விட்டுவிட்டு ஓடினார்.

மாலையில் வந்ததும் கணவரிடம் சொன்னார்: "பேசாம ஸ்கூலை நிறுத்திட்டு வீட்லயே படிக்க வெச்சா என்னங்க?" கோபத்தில் வந்த பேச்சுதான். ஆனால் இரவு பதினொரு மணிக்குப் போனில் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

ஜூன் 19, வியாழன்

அப்பா ஆவடி டேங்க் பேக்டரிக்காரர். அவருடைய முதல் கேள்வி, "கேஸ் கீஸ் ஆயிடாதே?"

ஆகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையிலிருந்து தவறும் பெற்றோருக்கு அபராதமோ சிறையோ அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. 'கட்டாயக் கல்வி' என்பதற்கு 8ஆம் பிரிவு தரும் விளக்கமும், கட்டாயம் அரசுக்குத்தான் என்கிறது. வீட்டுக்கல்வி என்ற சொல்லே சட்டத்தில் கிடையாது. ஜெர்மனியில் அதற்குத் தடை உண்டு, அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் அனுமதி உண்டு. இங்கே இரண்டும் இல்லை. வீட்டில் படிக்கவைக்கும் குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் காலம் தள்ளுகின்றன.

திரும்பி வரவும் வழி இருக்கிறது. படிப்பை விட்ட பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு.

சான்றிதழ்? அதற்கு மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, 1989இல் தொடங்கியது. ஏ, பி, சி என்று மூன்று நிலைகள்; அவை முறையே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்குச் சமம். பதினான்கு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடக்கும். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. பாடங்களை ஒவ்வொன்றாகக்கூட எழுதி முடிக்கலாம். தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககமும் பன்னிரண்டரை வயது நிரம்பியவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு நடத்துகிறது.

அப்பா முழுவதும் கேட்டார். "ஓப்பன் ஸ்கூலா? அது ஃபெயிலானவன் படிக்கிறதாச்சே" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரும் அப்படித்தான் நினைக்கிறது. நாளைக்குப் பெண் கொடுப்பவர் வரைக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

கூடத்து ஃபேன் மூன்று நாளாக ஆமை வேகத்தில் சுற்றுகிறது. பையன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்டன்சர் போயிருக்கும்பா" என்றான். அப்பா மெயினை அணைத்தார். ஸ்டூல் மேல் ஏறியதும் அவர்தான்; ஆனால் எந்த ஒயர் எங்கே இருந்தது என்று கீழே நின்று காகிதத்தில் வரைந்துகொண்டவன் பையன். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனார்கள்.

"ரெண்டு புள்ளி அஞ்சா, மூணு புள்ளி ஒண்ணு அஞ்சா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு புள்ளி அஞ்சு. மூணு புள்ளி ஒண்ணு அஞ்சு பெருசு, நம்ம ஃபேனுக்கு அது வேணாம்."

வீட்டில் அவனுடைய கணக்கு நோட்டைத் திறந்தால் தசம எண்கள் பக்கம் முழுக்கச் சிவப்பு. 2.5, 2.15 இரண்டில் பெரியது எது என்ற கேள்விக்கு 2.15 என்று எழுதியிருக்கிறான். பதினைந்து ஐந்தைவிடப் பெரியதாயிற்றே!

'பையன் மேதை, பள்ளிக்குத்தான் புரியவில்லை' என்று இந்த இடத்தில் முடிவுகட்டத் தோன்றும். பெற்றோருக்கு வரும் முதல் மயக்கம் இது. ஃபேன் சரியாகிவிட்டது, தசமம் தானாகச் சரியாகவில்லை. கடையில் மூன்று பெரிதா இரண்டு பெரிதா என்று பார்த்தே தப்பித்துவிட்டான். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கற்றுத்தர ஒருவர் கூடவே உட்கார வேண்டும்.

ஜூன் 25, புதன்

அம்மா அரை நாள் விடுப்பு போட்டு வகுப்பாசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் மோசமானவர் இல்லை. வகுப்பில் 46 பிள்ளைகள். ஆறாம் வகுப்புக்கு 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு.

"நோட்டே முடிக்கமாட்டேங்கிறான் மேடம். கேள்வி கேட்டா சொல்றான். போர்டுல இருக்கறத எழுதச் சொன்னா பாதியில நிக்கறான். முடிக்காதவங்க வெளிய நிக்கணும்னு ரூல்." அவனும் வாரத்தில் மூன்று நாள் வராந்தாவில் நிற்கிறான். மனத்தைத் துன்புறுத்தும் தண்டனைக்கும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை உண்டு என்று அம்மா சொல்ல நினைத்தார், சொல்லவில்லை. நாளையும் அந்தப் பள்ளியில்தானே பிள்ளை இருக்கப்போகிறான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020 ஜூனில். பள்ளி பூட்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதற்குள் அவன் இரண்டாம் வகுப்பு. கையெழுத்து பழகவேண்டிய ஒன்றரை ஆண்டு, அப்பாவின் போன் திரையில் போயிருக்கிறது. அப்போது வீட்டில் நடந்ததை வீட்டுக்கல்வி என்று சொல்ல முடியாது. அது பள்ளியையே போனுக்குள் அடைத்தது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'யைக் கொண்டுவந்தது.

ஆக, அவனுக்குப் பிடிக்காதது பள்ளியா, படிப்பா, எழுதுவதா, வராந்தாவா? நான்கும் வேறு வேறு. பள்ளியை நிறுத்தினால் வராந்தா ஒழியும். எழுத்து வேகம் வீட்டுக்கும் கூடவே வரும்.

ஜூன் 29, ஞாயிறு

மாலையில் ஏரிக்கரை நடைபாதை. பெற்றோர் இருவரும் இரண்டு சுற்று நடந்தார்கள். பேச்சு முழுக்க உதாரணங்கள்.

பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில் படித்த செஸ் வீரர் குகேஷ், நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தியவர். 2019 ஜனவரியில் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். இதைச் சொல்பவர்கள் அடுத்த வரியை விழுங்கிவிடுகிறார்கள்: காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தினார், வீட்டை நடத்தியது அம்மாவின் சம்பளம்.

மும்பை மாளவிகா ஜோஷியை ஏழாம் வகுப்பில் பள்ளியிலிருந்து எடுத்தவர் அவருடைய அம்மா. சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் மாளவிகா மூன்று பதக்கம் வாங்கினார். ஆனாலும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு ஐ.ஐ.டி. கதவு திறக்கவில்லை. இந்தியாவில் சேர்த்துக்கொண்டது சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம். 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. இடம் கொடுத்தது. இந்தக் கதையிலும் அம்மா வேலையை விட்டிருக்கிறார்.

அப்பாவுக்குக் கணித மேதை ராமானுஜன் நினைவு வந்தது. சிறு வயதில் கொஞ்ச காலம் மெட்ராஸில் தாத்தா வீட்டில் இருந்தபோது அவருக்குப் பள்ளி அறவே பிடிக்கவில்லை. பள்ளிக்குப் போகிறானா என்று பார்க்க வீட்டார் ஒரு கான்ஸ்டபிளையே ஏற்பாடு செய்தார்கள். ஆறு மாதத்துக்குள் பிள்ளை கும்பகோணத்துக்கே திரும்பிவிட்டான். அதே பிள்ளை 1897 நவம்பரில் தொடக்கநிலைத் தேர்வில் மாவட்டத்திலேயே முதல் ஆளாக வந்தான். கான்ஸ்டபிளால் முடியாதது ஊர் மாறியதும் முடிந்தது. அதுவும் வீட்டுக்கல்வி இல்லை. வேறு பள்ளி, அவ்வளவுதான்.

"அப்ப நம்ம வீட்ல யாரு வேலையை விடறது?" என்று அம்மா கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் மூன்றாவது சுற்றுக்குத் திரும்பினார்.

ஜூலை 5, சனி

ஒத்திகை. ஒன்பது முதல் ஒரு மணி வரை வீடே பள்ளி என்று அப்பா ஒரு அட்டவணை ஒட்டினார். ஒன்பது இருபதுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. பத்தேகாலுக்கு ஷிப்ட் மாற்றம் பற்றி ஒரு போன். ஆயா வழக்கமான சத்தத்தில் சீரியலின் மறுஒளிபரப்பைப் போட்டார். உண்மையில் பாடம் நடந்தது இரண்டு மணி பத்து நிமிடம்.

ஆனால் அந்த நேரத்துக்குள் தசமம் முடிந்துவிட்டது. 2.5க்குப் பின்னால் ஒரு சுழியைப் போட்டு 2.50 என்று எழுதிப் பார்த்ததும், "ஐம்பது பைசாவும் பதினஞ்சு பைசாவும் மாதிரியா?" என்று அவனே கேட்டான். பள்ளியில் ஒரு வாரம் ஓடிய பாடம் இது. 46 பேருக்கு நடுவே கிடைக்காதது ஒருவனுக்கு ஒருவர் உட்கார்ந்தால் கிடைக்கிறது. இதில் சந்தேகமே வேண்டாம்.

மதியத்துக்கு மேல் அவன் வாசலில் போய் நின்றுகொண்டான். "சனிக்கிழமைன்னா பரவால்ல. தினமும் இப்படின்னா நாலரை வரைக்கும் யாரும் வரமாட்டாங்களே" என்றான். பக்கத்து வீட்டுப் பையன் அதே வேனில் போகிறவன்.

ஜூலை 14, திங்கள்

ஒரு வாரமாக அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிவந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை, பெரியவர் ஒருவர் பையன் பக்கத்தில் உட்காரக்கூடிய நேரம் மொத்தம் ஏழு மணி. அம்மாவின் சம்பளம் அப்படியே வீட்டுக் கடன் தவணைக்குப் போகிறது. இந்த வீட்டுக்கு, இந்த ஆண்டு, வீட்டுக்கல்வி கட்டுப்படியாகாது.

பையனுக்காக அம்மா மறுபடி பள்ளிக்குப் போய் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினார்: எழுதி முடியாத பாதியை வீட்டில் எழுதி வரலாம், வராந்தா வேண்டாம். இரவில் இருபது நிமிடம் நான்கு கோடு நோட்டு. காலாண்டு விடுமுறையில் அப்பா ஐந்து நாள் விடுப்பு எடுத்து ஒத்திகையை மறுபடி நடத்தப்போகிறார். பள்ளியில் டி.சி. கேட்கவில்லை.

இன்றும் வேன் 7.40க்கு வந்தது. இரண்டாவது ஹாரனுக்குப் பையன் ஏறினான். ஜூலையில் இதுவரை வயிற்று வலி இரண்டு தடவை.