12,950 ரூபாயில் அம்மாவுக்கு ஒரு வீடு

1/
வீட்டை அழகாக்குறதைப் பத்தி ஒரு டாக்டர் எதுக்கு த்ரெட் போடுறாருன்னு தோணலாம். காரணம் இருக்கு. போன வருஷம் ஹால் பாக்க நல்லாருக்கணும்னு ஆன்லைன்ல 899 ரூபாய்க்கு ஒரு தரைவிரிப்பு வாங்கினேன். வாங்கின பத்தாவது நாள் அது வழுக்கி விழுந்து எங்கம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
நான் பொது மருத்துவர். அறுபது தாண்டின யார் வந்தாலும் சீட்டுல கடைசி வரியா "கீழே விழாமல் பார்த்துக்கொள்ளவும்"னு எழுதுவேன். வருஷக்கணக்கா எழுதியிருக்கேன். அதை வீட்ல எப்படிச் செய்யுறதுன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. என் வீட்லயே வழவழன்னு இருக்குற விட்ரிஃபைடு டைல்ஸ் மேல, அடியில ரப்பர் பிடிமானம் இல்லாத விரிப்பைப் போட்டு வெச்சிருந்தேன்.

3/
அம்மாவுக்கு 71 வயசு. சாயங்காலம் வாசல் தெளிச்சிட்டு ஈரக்காலோட உள்ள வந்தாங்க. விரிப்பு நகர்ந்துச்சு. அவ்வளவுதான். தொடை எலும்போட கழுத்துப் பகுதி முறிவு. மூணாவது நாள் அறுவை சிகிச்சை, பாதி மூட்டு மாற்றினாங்க. அவங்க எலும்பு ஏற்கனவே தேய்ஞ்சிருந்ததுங்கிறதும் உண்மை. ஆனா தள்ளிவிட்டது நான் வாங்கின விரிப்புதான்.

4/
அஞ்சாவது நாள் வார்டுல அம்மா சொன்னது: "டேய் தம்பி, வீட்டுக்குப் போனா அங்கயும் இரும்புக் கட்டில், வெள்ளைத் துணி, டெட்டால் வாசம்னு வெச்சு அதையும் ஆஸ்பத்திரி ஆக்கிடாதடா. அப்படிப் படுத்தவங்க யாரும் எந்திரிச்சு நான் பாத்ததில்ல."

இதை டாக்டரா மறுக்கலாம். மகனா மறுக்க முடியல.

5/
டிஸ்சார்ஜ் ஆனதும் ரெண்டு வாரம் அக்கா வீட்ல இருந்தாங்க. அந்த ரெண்டு வாரம்தான் எங்களுக்குக் கிடைச்ச நேரம். மதுரையில வாடகை வீடு. "டாக்டருக்கு என்ன பணக் கஷ்டம்"னு கேப்பீங்க. மேற்படிப்புக் கடன் ஓடிட்டு இருக்கு, இன்சூரன்ஸ் போக மீதி ஆஸ்பத்திரி பில்லைக் கையிலிருந்து கட்டியிருக்கோம். நானும் மனைவியும் கணக்குப் போட்டு 12,000 ரூபாய்னு முடிவு பண்ணோம்.

நிபந்தனை ரெண்டு. அம்மா விழக்கூடாது. அம்மாவுக்கு அது வீடு மாதிரி இருக்கணும்.

6/
முதல் மூணு நாள் ஒரு ரூபாய் செலவு இல்ல. வெளியேத்துற வேலை மட்டும். விரிப்பு முதல்ல போச்சு. கண்ணாடி டீபாய், உடைஞ்ச மிக்ஸி, ஓடாத சைக்கிள், பிளாஸ்டிக் பூக்கொத்து, தரையில ஓடின எக்ஸ்டென்ஷன் வயர் எல்லாம் போச்சு. டீபாயைப் பழைய சாமான் கடைக்காரர் 1,500க்கு எடுத்துக்கிட்டார்.

வாக்கர் தடங்கல் இல்லாம போக கிட்டத்தட்ட மூணடி வழி வேணும். கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும், ஹால்லேருந்து வாசல் வரைக்கும் அந்த மூணடியை ஒழிச்சோம். முடிச்சிட்டுப் பாத்தா ஹாலே ரெண்டு மடங்கு ஆன மாதிரி இருந்துச்சு. வீடு சின்னதுன்னு நாலு வருஷமா புலம்பிட்டு இருந்தோம்!

7/
அடுத்து வெளிச்சம். இதுல கொஞ்சம் மருத்துவம் இருக்கு. வயசாக ஆகக் கண்ணோட பாப்பா சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். இருபது வயசுக் கண்ணுக்குள்ள போற வெளிச்சத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான் அறுபது வயசுக் கண்ணுக்குள்ள போகும். நமக்குப் போதுமா இருக்குற ரூம் அவங்களுக்கு அரை இருட்டு. கூடவே கண்புரை ஆரம்பிச்சிருந்தா நேரடி வெளிச்சம் கூசும்.

8/
எங்க ஹால்ல நடுவுல ஒரே டியூப்லைட். அது பளபள டைல்ஸ்ல பட்டுத் தெறிக்கும், மூலையெல்லாம் இருட்டா கிடக்கும். அதுக்குப் பதிலா மஞ்சள் வெளிச்சம் தர்ற 9 வாட் எல்இடி பல்புகளை மூலைக்கு ஒண்ணா, வெவ்வேறு உயரத்துல வெச்சோம். டப்பாவுல 2700K அல்லது 3000Kன்னு போட்டிருக்கும், அதான் மஞ்சள். 6500Kன்னா நீலம் கலந்த வெள்ளை. பல்பு நேரா கண்ணுல படாம இருக்க ரெண்டுக்கு மூங்கில் கூடையைக் கவிழ்த்து மாட்டினோம்.

மொத்தச் செலவுல அதிக மாற்றம் தெரிஞ்சது இதுலதான். சுவர் அதே சுவர், சோபா அதே சோபா. சாயங்காலம் பக்கத்து வீட்டக்கா எட்டிப் பாத்து "பெயிண்ட் அடிச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. அப்போ இன்னும் அடிக்கல.

9/
பெயிண்ட் ஒரே ஒரு சுவருக்குத்தான். அம்மா கட்டிலுக்குப் பின்னாடி சந்தன நிறம். நானும் மனைவியும் ரெண்டு சாயங்காலத்துல ரோலர் வெச்சு அடிச்சோம். அம்மா வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே முடிச்சு ஜன்னலைத் திறந்து போட்டதால வாசம் போயிடுச்சு.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவுல வீட்டு பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பழைய எனாமல் கதவு, கிரில்லை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய்ப்பு தேய்க்காதீங்க. அந்தத் தூசி குழந்தைங்களுக்கு ஆபத்து. எங்க வீட்ல நாலு வயசுப் பொண்ணு இருக்கா. பழைய பச்சைக் கதவைத் தொடாம விட்டுட்டோம்.

10/
வாசல்ல மூணு படி. சிமெண்ட் கலர்ல, எது படி எது நிழல்னு தெரியாது. வயசானவங்க கண்ணுக்கு ஒரு பொருளோட விளிம்பு தெரியணும்னா நிற வேறுபாடு வேணும். ஆஸ்பத்திரியில மஞ்சள்-கறுப்பு டேப் ஒட்டுவாங்க. வீட்டு வாசல்ல அதை ஒட்ட எனக்கு மனசு வரல.

அப்புறம்தான் தோணுச்சு, நம்ம கோவில் மதில்ல இருக்கே காவியும் வெள்ளையும்! படிக்கு ரெட் ஆக்சைடு, ஒவ்வொரு படி விளிம்புலயும் ரெண்டு இஞ்சுக்கு வெள்ளைக் கோடு. ஈரத்துல வழுக்காம இருக்க வெள்ளை பெயிண்டுல சலிச்ச மணல் கொஞ்சம் கலந்தோம். 300 ரூபாய். தெருவுலயே லட்சணமான வாசல் இப்போ எங்களோடதுதான்.

11/
திரைச்சீலை விலை விசாரிச்சு தலை சுத்துச்சு. மனைவிதான் அம்மா பீரோவைக் காட்டினா. சுங்குடிச் சேலைங்க. போன்ல கேட்டோம். "நைஞ்சுபோன ரெண்டை எடுத்துக்கோங்க, அந்த மாம்பழக் கலரை மட்டும் தொடாதீங்க."

ஒரு சேலை அஞ்சரை மீட்டர். குறுக்கே வெட்டினா ஏழடி கதவுக்கு ரெண்டு திரை, மேல மடிச்சுத் தைக்கவும் துணி மிச்சம் இருக்கும். தையல்கார அண்ணன் நாலு திரைக்கு 400 வாங்கினார். கம்பி, வளையம் 900. தரையைத் தொடாம நாலு விரல் தூக்கித் தைக்கச் சொல்லுங்க. தரையில புரளும் திரை போட்டோவுல அழகு, வாக்கர் கால்ல சிக்கினா ஆபத்து.

12/
உக்காரும் உயரம். இடுப்பு மூட்டு மாற்றின புதுசுல தாழ்வான இடத்துல உக்காரக் கூடாது. எந்திரிக்கக் கஷ்டம், மூட்டு நழுவவும் வாய்ப்பு இருக்கு. முட்டி உயரமோ அதுக்குக் கொஞ்சம் மேலயோ இருக்கணும், பிடிச்சு எந்திரிக்கக் கைப்பிடி வேணும். எங்க சோபாவுல உக்காந்தா ஆள் உள்ள புதைஞ்சு போவாங்க.

பழைய மரச்சாமான் கடையில கைப்பிடி வெச்ச மர நாற்காலி 1,500க்குக் கிடைச்சது. பிரம்பு பிஞ்சிருந்துச்சு, வயர் பின்ன 500. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் அடியில குழிவெச்ச மரக்கட்டை வெச்சு ஆசாரி உயர்த்திக் கொடுத்தார். கட்டை நகராம இருக்கணும், அதைக் கண்டிப்பா பாத்துக்கோங்க.

13/
கட்டிலைத் திருப்பிப் போட்டோம், தலைமாட்டுலேருந்து ஜன்னல் தெரியுற மாதிரி. வெளியே வேப்பமரம். 1984ல சயின்ஸ் இதழ்ல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் எழுதின ஆய்வு இருக்கு. பித்தப்பை அறுவை சிகிச்சை ஆனவங்கள்ல, ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வீரியமான வலி மருந்தும் குறைவா எடுத்துக்கிட்டாங்க. மொத்தம் 46 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனா கட்டிலைத் திருப்பக் காசா பணமா?

14/
செடி. மானாமதுரை மண் தொட்டியில துளசி, கத்தாழை, ரெண்டு மணி பிளான்ட். பாட்டில் தண்ணியில மணி பிளான்ட் வெச்சா அழகுதான். ஆனா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தண்ணி போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். வாரம் ஒரு தடவை பாட்டிலைத் தேய்ச்சுக் கழுவித் தண்ணி மாத்த முடியும்னா வைங்க. இல்லன்னா மண்ணுல வைங்க. தொட்டிக்கு அடியில இருக்குற தட்டையும் மறக்காதீங்க.

15/
பாத்ரூம்ல வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளை கம்மோடு. கண் மங்கினவங்களுக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியும். கம்மோடு சீட்டை மட்டும் அடர் நீலமா மாத்தினோம், அதே நீலத்துல வாளி, மக் (இது வீட்ல இருந்ததுதான்), உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் மேட். பாக்கவும் பொருத்தமா அமைஞ்சது.

சுவர்ல ரெண்டு ஸ்டீல் கைப்பிடி. ஒட்டுற, உறிஞ்சிப் பிடிக்கிற வகைக் கைப்பிடியை நம்பாதீங்க. உடம்பு பாரம் விழும்போது கையோட வந்துடும். துளை போட்டு ஸ்க்ரூ பண்ணதுதான் வேணும்.

16/
ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார். துளை போடணும்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். வந்து பாத்தார். "போடுங்க சார். காலி பண்ணும்போது கழட்டாம விட்டுட்டுப் போங்க. எங்கம்மா இந்த பாத்ரூம்லதான் விழுந்தாங்க"ன்னார். நாலு வருஷத்துல அன்னைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து காபி குடிச்சோம்.

17/
கடைசியா சுவர்ல என்ன மாட்டுறது? கடையில அச்சடிச்ச படம் வேணாம்னு முடிவு பண்ணோம். அப்பா லூனாவுல உக்காந்திருக்குறது, அம்மா பள்ளிக்கூட ஆண்டு விழாவுல பரிசு கொடுக்குறது, அக்கா கல்யாணம்னு அஞ்சு போட்டோ. பெருசா பிரிண்ட் போட்டு, ஒரே மாதிரி மெலிசான மரச் சட்டம். நின்னு பாக்குற உயரத்துல மாட்டாம நாற்காலியில உக்காந்தா கண்ணுக்கு நேரா வர்ற உயரத்துல மாட்டினோம். கைப்பிடிக்குத் துளை போட்ட ஓனர் ஆணிக்கும் ஒண்ணும் சொல்லல.

18/
மொத்தக் கணக்கு:

விளக்கு, சென்சார் நைட் லேம்ப் ரெண்டு: 1,850
சுவர் பெயிண்ட், படி: 1,950
திரைச்சீலை: 1,300
ஆசாரி: 1,200
பாத்ரூம்: 2,800
தொட்டி, செடி: 750
போட்டோ, சட்டம்: 1,100
நாற்காலி: 2,000

ஆக 12,950. பட்ஜெட்டைத் தாண்டி 950 எகிறிடுச்சு. டீபாய் வித்த 1,500 அதைச் சரிக்கட்டிடுச்சு.

19/
அம்மா வந்த அன்னைக்கு ஆட்டோவுலேருந்து இறங்கி முதல்ல படியைத்தான் பாத்தாங்க. "யாருடா இது, கோவில் மதில் மாதிரி அடிச்சு வெச்சிருக்கது?" சொல்லிக்கிட்டே வெள்ளைக் கோட்டுக்கு உள்பக்கமா சரியா காலை வெச்சாங்க. உள்ள வந்து நாற்காலியில உக்காந்தாங்க. அப்பா போட்டோவைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. திரையைத் தொட்டுப் பாத்துட்டு "இதை நம்ம அப்பா சித்திரைத் திருவிழாவுக்கு எடுத்துக் குடுத்தது"ன்னாங்க. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வெட்டியிருக்க மாட்டேன். "வெட்டாட்டி பீரோவுக்குள்ளதானே கிடக்கும்"னு அவங்களே சொல்லிட்டாங்க.

20/
அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ரெண்டு மணி இருக்கும், வாக்கர் சத்தம். டொக், டொக். எந்திரிச்சு ஓடலாம்னு தோணுச்சு. மனைவி கையைப் பிடிச்சு "இரு"ன்னா. கதவிடுக்குல சென்சார் லைட் எரியுறது தெரிஞ்சது. தண்ணி ஊத்துற சத்தம். திரும்பவும் டொக், டொக். கட்டில் கிரீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. அம்மா யாரையும் கூப்பிடல.

அந்த 12,950 ரூபாய் எதுக்குன்னு எனக்கு அப்போதான் முழுசா புரிஞ்சது.

21/
எட்டு மாசம் ஆச்சு. இப்போ கைத்தடி மட்டும்தான். குனிஞ்சு கோலம் போட முடியாது. நாற்காலியை வாசல்ல போட்டு உக்காந்து புள்ளி எண்ணிக்கை சொல்றாங்க, பேத்தி போடுறா. கோலம் கோணலாத்தான் வருது. யாரும் அழிக்கிறதில்ல.

22/
இதைப் படிக்கிறவங்க இன்னைக்கே ஒண்ணு செய்யுங்க, காசு வேணாம். ராத்திரி எல்லா லைட்டையும் அணைச்சிட்டு, உங்க வீட்டுப் பெரியவங்க கட்டில்ல படுத்து எந்திரிச்சு, பாத்ரூம் வரைக்கும் மெதுவா நடந்து பாருங்க. எங்க கால் இடறுது, எங்க கை பிடிமானம் தேடுது, எங்க ஒண்ணுமே தெரியலன்னு கவனிங்க. உங்க வீட்டு அலங்காரத்தை அங்கேருந்து ஆரம்பிங்க.

அப்புறம், ஹால்ல அழகுக்குப் போட்ட வழுக்குற விரிப்பு இருந்தா, தயவுசெஞ்சு இப்பவே சுருட்டி எடுத்து வெச்சுடுங்க.