எழுதுகோல் யார் கையில்?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாத காலம், அடையாற்றில் உள்ள ஓர் இளைஞர் மேம்பாட்டுத் தொண்டு நிறுவனத்தில் களப்பயிற்சி பெறும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 'இன்டர்ன்ஷிப்' என்றதும் மேசையும் சுழல் நாற்காலியும் என் கண்முன் தோன்றின. கிடைத்தவையோ ஒரு பழைய கணினி, கால் ஆடும் ஒரு பெஞ்சு, மாலைதோறும் கூடும் முப்பது பிள்ளைகள்!

ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர் குப்பத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் அவர்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர் சிலர். பாதியில் நின்றவர் சிலர். முதல் நாள் 'தன்னம்பிக்கை' பற்றி அரை மணி நேரம் முழங்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு மாணவன் எழுந்து, "அண்ணா, ஐ.டி.ஐ.யில சேர என்னென்ன பேப்பர் வேணும்?" என்றான். என் பேச்சில் அதற்கு விடை இல்லை.

அன்றிரவே விவரங்களைத் திரட்டினேன். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நமக்கு அருகிலேயே கிண்டியில் ஒரு நிலையம் இருக்கிறது. பிட்டர் பிரிவு ஈராண்டு. வெல்டர் பிரிவு ஓராண்டு. அவன் விரும்பியது பிட்டர்.

சாதிச் சான்றிதழுக்கு நானே கணினியில் விண்ணப்பித்தேன். அவன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். குடும்ப அட்டையைப் பார்த்துத் தந்தையின் பெயரை விறுவிறுவென்று தட்டினேன். பத்து நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. குடும்ப அட்டையில் இருந்தது ஊரார் அழைக்கும் பெயர்; பள்ளிச் சான்றிதழில் இருந்ததோ வேறு பெயர். திருத்தி அனுப்பிச் சான்றிதழ் கைக்கு வருவதற்குள் பிட்டர் இடங்கள் நிரம்பிவிட்டன. அவனுக்குக் கிடைத்தது வெல்டர் பிரிவு.

தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபிக்கவில்லை. "எங்கப்பாவுக்கு ரெண்டு பேருன்னு எனக்குத் தெரியும்ணா. எங்கிட்ட ஒரு தபா காட்டியிருந்தா சொல்லியிருப்பேனே" என்றான்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. உதவி செய்யும் ஆவலில், உரியவனையே பார்வையாளனாக்கி விட்டேன் அல்லவா?

இதே அடையாற்றில்தான் ஔவை இல்லம் இருக்கிறது. அதை 1930-இல் தொடங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்து, ஆண்களே பயின்ற கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே படித்து, 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆதரவற்ற பெண்களுக்குச் சோறும் கூரையும் தந்தால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை, கல்வியும் தந்தார். பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலையே மாறவேண்டும் என்பதுதானே அதன் பொருள்! அந்த வாயிலைக் கடந்து நாள்தோறும் நடந்த எனக்கு, அது உறைக்க ஒரு விண்ணப்பம் திரும்பி வரவேண்டியிருந்தது.

எஞ்சிய நாள்களில் நான் பெஞ்சின் ஓரத்தில் கைகட்டி அமர்ந்தேன். அவர்களே படித்தார்கள், தட்டினார்கள், தவறினார்கள், திருத்தினார்கள். பத்து நிமிட வேலை ஒரு மணி நேரம் பிடித்தது. ஆனால் இரண்டாம் வாரம் ஒரு மாணவி, தன் விண்ணப்பத்தை முடித்தபின் பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்து வந்து, அவருக்குத் தானே சொல்லிக் கொடுத்தாள். என் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு செய்யாததை அந்த ஒரு மணி நேரம் செய்தது.

தோழர்களே, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இக்கல்லூரியில் சேர எனக்கு விண்ணப்பம் நிரப்பியவர், எங்கள் தெருமுனைக் கணினிக் கடைக்காரர். அவர் என்ன எழுதினார் என்று நான் பார்க்கவே இல்லை. கையெழுத்து மட்டும் போட்டேன். நம்மில் பலர் அப்படித்தான் வந்திருப்போம். அடுத்த ஆண்டு சேர்க்கையின்போது நம் கல்லூரி வாசலில் தயங்கி நிற்கும் தம்பி தங்கையரைக் கண்டால், அருகில் அமர்ந்து உதவுவோம். எழுதுகோல் மட்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

அந்த மாணவன் இப்போது வெல்டர் பயிற்சியில் இருக்கிறான். அடுத்த ஆண்டு பிட்டருக்கும் விண்ணப்பிக்கப் போகிறானாம். "நானே போட்டுடுவேன், நீங்க வந்து பாருங்கண்ணா" என்று சொல்லியிருக்கிறான். போய்ப் பார்க்கத்தான் போகிறேன்.