வேரைப் பார்த்தபின் தண்ணீர்

உள்ளங்கை அகலச் சாடியில் வளரும் சின்ன ஓர்கிட் ஒன்றின் இலை தொய்ந்து சுருங்கினால், பார்ப்பவர் கை முதலில் தண்ணீர்ச் செம்பைத்தான் தேடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்தப் பழக்கம் சரி. ஓர்கிட்டுக்கு அதுவே பல தடவை எமனாகிறது. தண்ணீர் போதாமல் வேர் காய்ந்தாலும் இலை சுருங்கும். தண்ணீர் கூடி வேர் அழுகினாலும், உறிஞ்ச வேரில்லாமல் அதே இலை அதே மாதிரிச் சுருங்கும். நோய்கள் எதிரெதிரானவை, வெளியே தெரியும் குறியோ ஒன்றுதான். ஆகவே இலையைப் பார்த்து வைத்தியம் தொடங்கக் கூடாது. செடி எந்த இனம், வேர் எந்த நிலையில் இருக்கிறது, இதுவரை வார்த்தது எந்தத் தண்ணீர் என்ற மூன்றையும் அறிந்த பிறகே தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும், மூன்றாவது கேள்விதான் செடியின் உயிரைத் தீர்மானிக்கும்.

‘மினி ஓர்கிட்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே இனமல்ல. பெயர்ச்சீட்டு தொலைந்தாலும் உருவத்தைக் கொண்டு பிரித்தறியலாம். குட்டையான ஒற்றைத் தண்டு, இரு பக்கமும் தடித்த அகன்ற இலைகள், அடியில் பருமன் எதுவும் இல்லையென்றால் அது பெரும்பாலும் ஃபலெனாப்சிஸ். பிலிப்பைன்ஸ், தைவான் பக்கத்துக் காடுகளில் வளரும் ஈகுவெஸ்ட்ரிஸ் என்ற சிறிய இனத்தின் வழிவந்த கலப்புகள் இவற்றில் நிறைய. இதற்கு இலையையும் வேரையும் தவிர நீர்ச் சேமிப்பு இல்லை. கரும்புக் கணுப்போலத் தண்டு பருத்திருந்தால் டெண்ட்ரோபியம். அது தண்டிலே நீரைச் சேர்த்து வைக்கும். அதன் சில இனங்கள் வறட்சிக் காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து ஓய்வெடுக்கும். உயிரோடு உறங்கும் அந்தச் செடியைச் சாகிறதென்று நினைத்துத் தினமும் தண்ணீர் வார்த்தால் அழுகிப்போகும். பட்டி போன்ற இலைகளும் வெளியே தொங்கும் தடித்த வேர்களும் இருந்தால் வாண்டா. இலங்கையின் உலர்வலயத்திலும் தமிழ்நாட்டிலும் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு நீண்ட கோடையைத் தாண்டும் வாண்டா இனங்கள் இயற்கையாகவே உண்டு.

இவை மூன்றும் மரப்பட்டையில் ஒட்டி வளரப் பிறந்தவை. வேரைச் சுற்றிப் பஞ்சுபோன்ற உறை ஒன்று இருக்கிறது. உலர்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறம். நனைந்ததும் உள்ளிருக்கும் பச்சை தெரியும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்த வேர் மூச்சு விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்ட வெப்பநாட்டு ஓர்கிட்டுகள் பெருந்தொகையாக மடிந்தன. காற்றே புகாத, ஈரம் கசியும் சூட்டு வீடுகளில் அவற்றை அடைத்ததே பெரிய காரணம். 1830களில் சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் காற்றோட்டத்துக்கு வழிவிட்டபோது செடிகள் தேறின. இன்றைக்கு ஒரு சின்னச் சாடிக்குள் வேரைச் சுற்றி இறுக அடைத்த பாசியும் அதே சூட்டு வீடுதான்.

தீவகத்தில் இதோடு உவரும் சேர்கிறது. இங்கே ஆறில்லை. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. கோடையில் அள்ள அள்ள அது மெலிந்து உவர் மேலேறும். அப்படிப்பட்ட கிணற்றுநீரை வார்த்தால், உப்புச் செறிவு கூடிய ஈரம் வேரிலிருந்தே நீரை இழுக்கும். சாடி ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் இருக்கும். இலைநுனி கருகுவதும் சாடியின் விளிம்பில் வெள்ளைப் படிவு பூப்பதும் அதன் அடையாளம். வீட்டுக்கு எது நல்ல தண்ணிக் கிணறு, எது உவர்க் கிணறு என்று வாயில் வைத்தே சொல்லிவிடும் தீவார், அதே கேள்வியைச் செடிக்காகவும் கேட்டால் போதும்.

வைத்தியம் சிக்கலானதல்ல. செடியைச் சாடியிலிருந்து எடுத்து மழைநீரில் அலச வேண்டும். விரலால் அழுத்தினால் நல்ல வேர் விறைப்பாக நிற்கும். அழுகிய வேரின் உறை வழுகிக் கழன்று, நடுவில் நூல்போன்ற நரம்பு மட்டும் கையில் மிஞ்சும். அந்த அழுகிய வேரை, நெருப்பில் சுட்டு ஆறவைத்த பிளேடால் வெட்டிவிட வேண்டும். வெட்டுவாயில் சிறிது கறுவாத்தூள் தொட்டு வைப்பது பலரும் கையாளும் முறை; நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும். பிறகு துளையுள்ள சாடியில் கரித்துண்டும் பொச்சுத் துண்டும் இட்டு நடலாம். பொச்சிலும் உப்பு இருக்கும். மழைநீரில் பல முறை ஊறவைத்துப் பிழிந்தே இட வேண்டும். சோளகக் காற்று நேரே அடிக்காத, கிடுகு நிழல் விழும் இடமே அதற்கு ஏற்றது. புது வேர் காணும்வரை உரம் கூடாது. உரமும் ஒருவகை உப்புத்தான்.

குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கும் ஊரில் பூச்செடிக்கு நன்னீரா என்று கேட்பது நியாயமே. ஆனால் இந்தச் செடிக்கு வேண்டியது ஒரு தரம் நனைக்க ஒரு குவளை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில், கூரைத் தூசியையும் கடலுப்பையும் கழுவும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைச் சில கலன்களில் பிடித்து நுளம்பு புகாமல் இறுக மூடினால் பல மாதத்துக்குக் காணும். தீவின் வெக்கை இதற்கு ஒத்துவராது என்பார்கள். ஃபலெனாப்சிஸ் வெப்பத் தாழ்நிலக் காட்டுச் செடி. நிழலிருந்தால் வெக்கையைத் தாங்கும். மினக்கெடுவானேன், புதிதாக ஒன்று வாங்கலாமே என்பது வலுவான மறுப்பு. ஆய்வுகூடத்தில் பெருந்தொகையாகப் பெருக்கப்படும் கலப்பினம் அரிதானதல்ல என்பதும் உண்மை. ஆனால் முதற்செடி ஏன் வாடியது என்று தெரியாதவரை, குறிகட்டுவான் துறையில் படகேற்றிக் கொண்டுவரும் இரண்டாவது செடியும் அதே கிணற்றுநீரில் அதே விதமாகத்தான் சாகும். காரணம் தெரிந்துவிட்டால் வாடிய செடியே போதும்.

தேறுவதற்கு மாதங்கள் எடுக்கும். சுருங்கிய பழைய இலை முழுதாக நிமிராமலே போகலாம். அதைப் பார்த்து மனம் விட வேண்டாம். தண்டின் அடியில், இலையடியைப் பிளந்துகொண்டு, பச்சை நுனியோடு புது வேர் ஒன்று முளைக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அது கண்ட நாளிலிருந்து செடிக்குத் தானாகக் குடிக்கத் தெரியும்.